நாடியை விட்ட கை

அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் இல்லை. முட்டைக் கடைக்கார அம்மா.

அவர் டிரைவிங் ஸ்கூலில் ஆசிரியர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருந்த இன்னொரு பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தூரத்தில் ஒரு நாய் சோம்பல் முறித்தாலும் மிதித்துவிடுவார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் ‘பிரேக் சார்’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “என் பிரேக்காலதான் நீங்கல்லாம் இன்னும் உயிரோட இருக்கீங்க” என்று சிரிப்பார்.

முட்டைக் கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கடைகளுக்கு முட்டையைத் தானே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று வண்டி கற்றுக்கொள்ள வந்திருந்தார். அன்றைக்கு மூன்றாவது பாடம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் நீளமான, ஆளில்லாத சாலை. இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு போனது.

“சார், மூணாவது போடட்டுமா?”

பதில் இல்லை. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். சாருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைக் கவ்விப் பிடித்திருந்தது.

“ஐயோ, என்ன சார் பண்ணுது?”

“ஆஸ்பத்திரி…” என்றார் அவர். “போங்க.”

“எனக்கு ரெண்டாவது கியருக்கு மேல தெரியாதே சார்!”

“ரெண்டாவதே… போதும்.”

நெஞ்சுக்குள் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்து அதன்மேல் ஏறி நிற்பது போலிருந்தது அவருக்கு. வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பழக்கதோஷத்தில் தன் கால் பிரேக்கை மிதித்துவிடுமோ, நடுச்சாலையில் வண்டி நின்றுபோய் இந்த அம்மாவுக்கு மறுபடி கிளப்பத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம். எனவே இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஊர் முழுவதையும் இரண்டாவது கியரில், அலறிக்கொண்டே கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் எப்படி நிறுத்துவது என்று மறந்துபோய்ப் பூச்செடிப் பாத்தியில் ஏற்றினார். என்ஜின் தானாகவே அணைந்தது.

டாக்டர்கள் அடைத்திருந்த ரத்தக் குழாயை விரித்து, உள்ளே சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்தார்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டார், பிழைத்துக்கொண்டார். “இனிமே பயம் இல்ல. நடங்க, மாடிப்படி ஏறுங்க, கொஞ்ச நாள்ல வேலைக்குப் போகலாம்” என்றார் பெரிய டாக்டர். அதில் ‘பயம்’ என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அது அவரோடு குடியேறியது.

வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார். முதலில் காலையும் மாலையும். பிறகு எந்நேரமும். சாப்பிடும்போது மட்டும் வேறு வழியில்லாமல் விடுவார். வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. படியில் இறங்கினால் ஏற வேண்டுமே என்று அவர் இறங்கவே இல்லை. தாழ்ப்பாள் போடாமல் குளித்தார். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தி அடக்கினார். டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால் சேனலை மாற்றினார். வாய்விட்டுச் சிரித்தால் இதயம் தாங்குமோ தாங்காதோ. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் இதயம் துடிக்கும் சத்தம் கேட்டது. அது ஒரு துடிப்பைத் தவறவிட்டதுபோல் தோன்றிவிட்டால் அவ்வளவுதான். தூக்கிவாரிப் போட எழுந்து உட்கார்ந்துகொள்வார். பிறகு உட்கார்ந்தபடியேதான் தூக்கம்.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தாள். காலையில் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, ஃபோனை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். பள்ளியில் கடைசி வருஷம் படித்த மகள், அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசுவதையே விட்டிருந்தாள். வீடே நுனிக்காலில் நடந்தது.

ஒரு நாள் முட்டைக் கடைக்கார அம்மா பார்க்க வந்தார், கையில் முட்டைத் தட்டோடு.

“மஞ்சக் கரு ஆகாதுன்னு சொன்னாங்க. வெள்ளைய நீங்க சாப்பிடுங்க சார், மஞ்சளை நாய்க்குப் போடுங்க.”

“எங்க வீட்ல நாய் இல்லயே.”

“அப்ப உங்க மச்சானுக்குப் போடுங்க.”

சிரிப்பு வந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா அதைக் கவனித்தார். வேறொரு ஆசிரியரிடம் மீதிப் பாடங்களை முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அன்னிக்கு ஓட்டும்போது எனக்கு ஒண்ணுமே தெரியல சார். வீட்டுக்குப் போனப்புறம்தான் உதறல் எடுத்துது. கை கால் ஓடல. கடையே திறக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, திறந்துட்டேன். முட்டை கெட்டுப்போகுமே.”

அந்த அம்மா போன பிறகும் அந்தப் பேச்சு பிரேக் சாருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தனக்குக் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தார். அதுவும் பயமாக இருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. திடீரென்று மூச்சு முட்டியது. உள்ளங்கை வியர்த்தது. ‘வந்துவிட்டது’ என்று முடிவே கட்டிவிட்டார். ஃபோனை எடுக்கப் போனவரின் கை மேஜைமேல் கிடந்த மகளின் கரித்துண்டுப் பெட்டியைத் தட்டிவிட்டது. அவள் படம் வரையும் கரி. ஒரு துண்டு உருண்டு வந்து அவர் விரலில் நின்றது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்த அந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் மாணவர்களுக்கு நாற்சந்தியையும் வளைவையும் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிக் காட்டியிருக்கிறார்; அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஓவியம். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டிடத்து மாடியில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மேஜையில் கிடந்த தாளில் அதன் ஒரு காலை வரைந்தார். கோணலாக வந்தது. திருத்தினார். இன்னொரு கால். அப்புறம் அந்தத் தொப்பை.

நிமிர்ந்தபோது வெயில் சுவரில் வேறு இடத்துக்குப் போயிருந்தது. மூச்சு சீராக இருந்தது. உடனே புதிதாக ஒரு திகில் பிடித்துக்கொண்டது: இவ்வளவு நேரம் நாடியைப் பார்க்காமலே இருந்துவிட்டோமே, நடுவில் நின்றுபோயிருந்தால்? அவசரமாகப் பிடித்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டெல்லாம் கரி.

மகள் வந்து படத்தைப் பார்த்தாள். “என்னப்பா இது, யானையா?”

“தண்ணித் தொட்டிம்மா.”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள், யோசித்துவிட்டு.

அதன்பிறகு தினமும் வரைந்தார். தொட்டி, தொட்டியின்மேல் காக்கை, தொட்டிக்கு அருகே காயும் துணி. ஜன்னலில் தெரிவதெல்லாம் தீர்ந்து, தொட்டியை மறுபடி வரையத் தொடங்கியபோது மகளுக்குப் பொறுக்கவில்லை. “இன்னொரு தொட்டிய இந்த வீடு தாங்காதுப்பா. கீழ சைக்கிள் கடை இருக்கு. வாங்க.”

படிக்கட்டின் மேல்படியில் நின்று கீழே பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நாடி பார்த்தார். மகள் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு படி முன்னால் நின்றுகொண்டே இறங்கினாள், விழுந்தால் தாங்கிக்கொள்பவளைப் போல. சைக்கிள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரித்துப் போட்ட ஒரு சக்கரத்தை வரைந்தார். திரும்பி ஏறும்போது செத்துவிடுவோம் என்று உறுதியாக நம்பினார். மேலே வந்து சேர்ந்தபோது, சாகாமல் இருந்தது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் பயந்ததற்கு என்ன அர்த்தம்?

வரைவதற்குப் புதிதாக ஏதாவது வேண்டியிருந்ததால் நடை நீண்டது. தெருமுனை, பூங்கா, பழைய பாலம். பயமும் கூடவே வந்தது.

பள்ளி விடுமுறையில் மனைவியின் தம்பி கூப்பிட்டான். மலைமேல் ஒரு ஏரியில் படகு வாடகைக்கு விடும் தொழில் அவனுக்கு. ஏரிக்கரையில் இரண்டு மரவீடுகளும் வைத்திருந்தான்.

“அங்கேருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?” என்பதுதான் பிரேக் சாரின் முதல் கேள்வி.

“உங்களைக் கேட்டா ஆஸ்பத்திரி வாசல்லயே கூடாரம் போடணும்” என்றாள் மனைவி. அவள் அப்படிச் சலித்துக்கொண்டு வெகுநாளாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “சரி, போகலாம்” என்றார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. எதிர்க்கரையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து பாதி தண்ணீருக்குள் இருந்தது. “அதை வரையணும்ப்பா நீங்க” என்று மகள் துள்ளினாள். படகில் தனியாகக்கூடப் போய்விடுவாள் போலிருந்தது. போவதற்கும் பயம், அவளைத் தனியாக விடுவதற்கும் பயம். இரண்டாவது பயம் பெரிதாக இருந்ததால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு” என்றான் மச்சான். “இடதுபக்கக் கடைசிக்கு மட்டும் போகாதீங்க. அங்க தடுப்புச் சுவர் மேல தண்ணி வழிஞ்சு கீழ பாறையில விழுது. குறுக்க கயிறு கட்டி சிவப்பு மிதவை போட்டிருக்கேன். அதைத் தாண்டினா நான்கூட ஒண்ணும் பண்ண முடியாது.”

மனைவி கரையில் நின்று கையசைத்தாள். மகள் துடுப்புப் போட்டாள். அவருடைய துடுப்பு மடியிலேயே கிடந்தது. கை மணிக்கட்டில் இருந்தது.

ஏரியின் நடுவுக்கு வந்தபோது மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கியது. பால் பொங்கி வழிவதுபோல் மளமளவென்று வந்தது. முதலில் சாய்ந்த மரம் காணாமல் போனது. பிறகு மரவீடுகள். பிறகு கரை. கடைசியில் படகின் மூக்கும் மகளின் முதுகும் மட்டும்தான் மிச்சம்.

“அப்பா… எந்தப் பக்கம் வந்தோம்?”

கரையில் மச்சான் விசில் ஊதுவது கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் மலையில் மோதி எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. எது விசில், எது எதிரொலி? மகள் ஒரு பக்கம் துடுப்பை வலித்தாள், அப்புறம் மறுபக்கம். படகு தன் இடத்திலேயே சுழன்றது.

அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் விடாமல் அரிசி புடைப்பதுபோல் ஒரு மெல்லிய இரைச்சல். கேட்கக் கேட்க அது பெரிதானது.

தண்ணீர் விழும் சத்தம். மகள் துடுப்பை நிறுத்தியிருந்தாள். ஆனால் படகு நகர்ந்துகொண்டிருந்தது.

மகளுக்கும் புரிந்துவிட்டது. வெறிபிடித்தவள்போல் துடுப்பை வலித்தாள். படகின் பக்கவாட்டில் ஏதோ டொம்மென்று மோதியது. அவள் வீறிட்டாள். துடுப்பு கையிலிருந்து நழுவி, பனிக்குள் போய், அடுத்த நொடி இருந்த இடம் தெரியவில்லை.

மோதியது சிவப்பு மிதவை.

படகு கயிற்றின்மேல் சாய்ந்து, ஒரு பக்கம் அமுங்கியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. மகள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று அரற்றினாள். அவர் இதயம் காதுக்குள் தடதடத்தது. இதுதான் கடைசி என்று நினைத்தார். அதை நினைத்தபடியே மணிக்கட்டிலிருந்த கையை எடுத்து, குனிந்து, தண்ணீருக்குள் விட்டு, கயிற்றைப் பிடித்தார்.

“கையை எடு முகத்துலேருந்து” என்றார். இத்தனை மாதமாக வீட்டில் கேட்காத குரல். “அடியில உட்காரு. அந்தப் பக்கமா நகரு. மெதுவா. பதறக் கூடாது. சத்தம் வர்ற பக்கம் பார்க்காதே, கயிறை மட்டும் பாரு.”

அவள் நகர்ந்தாள். படகு நிமிர்ந்தது. தண்ணீர் விழும் இரைச்சலில் இப்போது விசில் கேட்கவே இல்லை. கயிற்றின் இரு முனையும் எங்கேயோ கரையில் கட்டியிருக்கும். மிச்சமிருந்த துடுப்பை வைத்துக்கொண்டு பனிக்குள் திசை தெரியாது; கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கரை வரும்.

“எந்தப் பக்கம் இழுக்கறது?”

“இந்தப் பக்கம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஏதாவது ஒரு பக்கம் போய்த்தானே ஆகணும்.”

கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். பாசி படிந்த கயிறு வழுக்கியது. வழுக்காமல் இறுக்கினால் அறுத்தது. ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. இப்போது இரண்டு உள்ளங்கைகளும் கிழிந்து கயிறெல்லாம் சிவந்தது. அதைப் பார்த்துப் பயப்படக்கூட நேரம் இல்லை. ஒவ்வொரு மிதவையும் படகில் முட்டும்போது கயிற்றை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. விட்ட அந்த ஒரு கணத்தில் ஏரி படகைப் பின்னால் இழுத்தது. மகளும் எழுந்து பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் அழவில்லை. பற்கள் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. திடீரென்று படகின் அடியில் ஏதோ உரசியது. நாணல். சேறு. கயிறு கட்டியிருந்த கல்தூண் பனிக்குள்ளிருந்து ஆள்போல எழுந்து நின்றது.

சேற்றில் மல்லாந்து விழுந்தார். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. மகள் அவர்மேல் கவிழ்ந்து நெஞ்சில் காதை வைத்தாள்.

“ஓடுதாம்மா?” என்று கேட்டார்.

“தடதடன்னு ஓடுதுப்பா.”

இருவரும் அசையாமல் கிடந்தார்கள். தடதடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நிற்கவில்லை, அடங்கியது. அந்த இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை அவர் மல்லாந்தபடியே கவனித்துக்கொண்டிருந்தார்.

மச்சானும் மனைவியும் கரையோரமாகவே கத்திக்கொண்டு ஓடிவந்து சேர்ந்தார்கள். மனைவிக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. மகளை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைக் கிழித்து அவர் கைகளை இறுக்கிக் கட்டினாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். கட்டி முடித்தவள் சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் ஆகலயே, வந்துட்டோமே” என்றார் அவர்.

“இன்னிக்கு மட்டுமா?” என்று வெடித்தாள். “தினமும் உங்க மூக்குக்கிட்ட கை வெச்சு, மூச்சு வருதான்னு பார்த்துட்டுத்தான் கண்ண மூடறேன். கடையில ஃபோன் அடிச்சா உயிர் போய் உயிர் வருது. லென்ஸை எத்தனை தடவை கீழ போட்டு உடைச்சிருக்கேன் தெரியுமா? ஒரு நாளாவது பயமா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேனா?”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க இன்னும் பயந்துருவீங்களே.”

அந்த வீட்டில் பயந்துகொண்டிருப்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தார். கட்டுப்போட்ட கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் எழுந்துவந்து அம்மாவின் மறுபக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். மச்சான் மட்டும் படகைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ஒரு துடுப்பு போச்சு” என்று முணுமுணுத்து, அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பி டாக்டரிடம் போனார்கள். கதையைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லாயிருக்கு. உங்களுக்குத்தான் புத்தி சரியில்ல” என்றார்.

கை ஆறியதும் காலையில் மட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சில நாள் படிக்கட்டிலேயே காத்திருக்கும். ஆனால் இப்போது, “இன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. “எனக்கும்தான்” என்று சில நாள் மனைவி சொல்கிறாள். அன்றைக்கு மூன்று பேருமாக எங்கேயாவது நடந்துவிட்டு வருகிறார்கள். மாதம் ஒருமுறை ஊரைவிட்டே வெளியே போகிறார்கள். ஒரு தடவை காட்டுப் பாதை, ஒரு தடவை குன்று. அவர் கரித்துண்டோடு எதன் முன்னாலாவது உட்கார்ந்துவிடுவார்.

பனிக்காலம் முடிந்தபிறகு மறுபடியும் அந்த ஏரிக்குப் போனபோது, மனைவி லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“நீயா?”

“ஏன், நான் போகக் கூடாதா?”

அவளும் மகளும் ஏறிக்கொண்டார்கள். வானம் துளி மேகமில்லாமல் இருந்தது. ஆனாலும் படகு கரையை விட்டதும் அவர் சிவப்பு மிதவை இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கரையில் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். ஒரு கோடு போடுவார், ஏரியைப் பார்ப்பார். இன்னொரு கோடு, மறுபடி பார்ப்பார். படகு சின்னப் புள்ளியாகி, எதிர்க்கரையைத் தொட்டு, திரும்பி, மெல்ல மெல்லப் பெரிதாகி வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மனைவி நனைந்த காலோடு வந்து தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னங்க இது, மலையைவிடப் படகு பெரிசா இருக்கு?”

“எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது” என்றார் அவர்.